எல்லைக்கல்லும் தங்க ஆணியும்

கோலாலம்பூர்ச் செந்தூலில் என் பெரியம்மா வீட்டுப் பூஜை மாடத்தில் கறுப்பாக ஒரு கல் இருக்கிறது. எலுமிச்சம்பழ அளவு. சனிக்கிழமைதோறும் பாலூற்றிக் குளிப்பாட்டி, துளசி சாத்தி, பித்தளைத் தட்டில் திரும்ப வைப்பார். சாளக்கிராமம். கல்லின் ஒரு பக்கம் வாய் பிளந்த மாதிரி இருக்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் நத்தை ஓடு போலச் சுருண்ட, வரிவரியான சக்கரம். சின்ன வயதில் அதைத் தொட எனக்கு அனுமதி கிடையாது. "யாரு பெரியம்மா இதைச் செதுக்கினது?" என்று ஒருமுறை கேட்டேன். "மனுசன் செதுக்கலடா. கண்டகி ஆத்துல வஜ்ரகீடம்னு ஒரு பூச்சி. அது குடைஞ்சது" என்றார்.

யோசித்துப் பார்த்தால் பெரியம்மா சொன்னது பெரும்பாலும் சரிதான். மனிதக் கை பட்டதில்லை, ஓர் உயிர்தான் காரணம். பூச்சி என்பது மட்டும்தான் இடிக்கிறது. அந்தச் சக்கரம் ஓர் அம்மோனைட்டின் ஓடு, அல்லது ஓடு விட்டுப்போன பதிவு. கணவாய்க்குத் தூரத்து உறவான கடல் உயிர் அது. செத்துக் கடலடிச் சேற்றில் புதைந்தது; அதைச் சுற்றி மண் உருண்டையாக இறுகிக் கல்லானது. பிறகு இந்தியத் துணைக்கண்டம் ஆசியாவோடு மோதி இமயம் எழுந்தபோது கடலடி மலையுச்சிக்குப் போனது. நேபாளத்தில் காளி கண்டகி ஆறு அந்தக் கறுப்புக் களிப்பாறையை அறுத்து, உருண்டைகளை உருட்டிக்கொண்டு வந்து கரையில் போடுகிறது.

இதற்கு வயது என்ன என்று நிலவியல் படித்தவரைக் கேட்டால் முதலில் எண் வராது, பெயர்தான் வரும்: "ஜுராசிக் கடைசி." அழுத்திக் கேட்டால் "14, 15 கோடி வருசம் இருக்கும்" என்பார். பெயர் முந்திக்கொண்டு வருவதற்குக் காரணம் உண்டு. பாறைகளை வரிசைப்படுத்தும் வேலை 19-ஆம் நூற்றாண்டிலேயே பெரும்பாலும் முடிந்துவிட்டது. கதிரியக்கத்தை வைத்து வயதைக் கணக்கிடுவது 20-ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. எது முந்தியது, எது பிந்தியது என்று நூறு ஆண்டுகளுக்கு மேல் முழுக்க முழுக்கப் புதைபடிவங்களை வைத்தே சொல்லிவந்தார்கள். இன்றும் பாறைக் காலப் பட்டியலின் எல்லைகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு கடல் உயிரின் பெயரைச் சொல்லித்தான் நிற்கின்றன.

இங்கிலாந்தில் கால்வாய் வெட்டும் வேலைக்கு நில அளவை செய்துகொண்டிருந்த வில்லியம் ஸ்மித்துக்கு ஒன்று புரிந்தது. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு களிமண் அடுக்குகளைக்கூட உள்ளே கிடக்கும் சிப்பிகளை வைத்துப் பிரித்துவிடலாம். அந்த அறிவில் 1815-இல் ஒரு நாட்டின் நிலவியல் வரைபடத்தையே வெளியிட்டார். பிரான்சில் அல்சீத் தோர்பின்யி அடுத்த படிக்குப் போனார்: அம்மோனைட்களை வைத்து ஜுராசிக் பாறைகளைக் கட்டங்களாகப் பிரித்து, ஊர்ப்பெயர்களையே சூட்டினார். துவார் ஊரை வைத்து தோவார்சியன், பாயூவை வைத்து பஜோசியன். நம்மூரில் கடைக்குத் தெருப் பெயரை வைப்பதுபோல. ஒவ்வொரு கட்டமும் பேரழிவில் முடிந்து புதுப் படைப்பில் தொடங்கியது என்று அவர் நம்பினார். அதனால் எல்லை எங்கே என்ற குழப்பம் அவருக்கு இல்லை; உயிர்கள் சட்டென்று மாறும் இடம்தான் எல்லை.

அந்தச் 'சட்டென்று' பல இடங்களில் பொய்யாகிப்போனது. ஓர் ஊரில் உயிர்கள் திடீரென்று மாறினாற்போலத் தெரிவதற்குப் பெரும்பாலும் காரணம், நடுவில் சில லட்சம் ஆண்டுகளின் வண்டல் அங்கே படியவே இல்லை, அல்லது படிந்தது அரித்துப் போய்விட்டது என்பதுதான். புத்தகத்தில் பத்துப் பக்கம் கிழிந்திருந்தால் கதை திடீரென்று திரும்பின மாதிரிதானே தெரியும்? இன்னொரு நாட்டில் அந்தப் பத்துப் பக்கமும் பத்திரமாக இருக்கும். அந்தப் பக்கங்கள் எந்த அத்தியாயத்தில் சேரும்? ஒரு நாட்டார் இதில் என்பார்கள், மறு நாட்டார் அதில் என்பார்கள். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் ஒரே விரதத்துக்கு இரண்டு நாள் குறிப்பது போல, ஒரே பெயரை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பாறையைக் காட்டினார்கள்.

இந்தச் சண்டையை எப்படி முடித்தார்கள் என்பதைச் சொல்ல எனக்கு என் தாத்தாவின் நிலம்தான் வசதி. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில் அவர் ரவாங் பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கினார். பக்கத்து நிலக்காரர் எல்லை அந்த டுரியான் மரம்தான் என்றார். தாத்தா ஓடை என்றார். நில அளவையாளர் வந்து, புல்லை வெட்டி, மண்ணைக் கிளறி, முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு கல்லைக் காட்டினார். பத்து செம்பாடான், எல்லைக்கல். அது மரத்திலிருந்து பத்தடி தள்ளி இருந்தது. மரத்தைக் கேட்காதே, ஓடையைக் கேட்காதே, கல் எங்கேயோ அங்கேதான் எல்லை. அதை அசைப்பது குற்றம். இன்னொன்றையும் கவனியுங்கள். தாத்தா நிலம் முடியும் இடத்துக்கென்று தனியாக ஒரு கல் கிடையாது. பக்கத்து நிலம் தொடங்கும் கல்லே இதற்கும் போதும்.

நிலவியலாளர்கள் செய்ததும் இதேதான். ஒரு கட்டம் தொடங்கும் இடத்தை மட்டும் வரையறுப்பது. முடிவு என்பது அடுத்த கட்டத்தின் தொடக்கம். உலகம் முழுவதிலும் ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்து, அந்தப் பாறைச் சரிவில் ஒரே ஒரு படுகையின், அதாவது பாறை அடுக்கின், ஒரு புள்ளியைக் குறித்து, இதுதான் எல்லை என்று ஒப்புக்கொள்வது. அந்தப் புள்ளிக்குப் பேச்சு வழக்கில் 'தங்க ஆணி' என்று பெயர். சில இடங்களில் உண்மையாகவே உலோகத் தகடோ ஆணியோ பதித்திருக்கிறார்கள்.

முதல் ஆணி செக் நாட்டில், பிராகுக்குத் தென்மேற்கே சுகோமாஸ்தி ஊருக்கு அருகில் குளோங்க் என்ற குன்றில் விழுந்தது. சிலூரியக் காலம் முடிந்து டெவோனியக் காலம் தொடங்கும் எல்லை அது. சண்டை இங்கே என்னவென்றால், கிராப்டோலைட் என்ற மிதவை உயிர் சிலூரியத்தோடு அழிந்தது என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். கிராப்டோலைட் கிடைத்தால் சிலூரியம், அவ்வளவுதான். ஆனால் பிரிட்டனில் பழைய எல்லையாக வைத்திருந்த எலும்புப் படுகைக்குப் பிறகும் கிராப்டோலைட்கள் மற்ற நாடுகளில் உயிரோடு இருந்தன என்று தெரியவந்தது. அதாவது பல நாடுகள் 'சிலூரியம்' என்று எழுதிவைத்திருந்த பாறைகள், இன்னொரு கணக்கில் டெவோனியம். பல ஆண்டுப் பேச்சுக்குப் பிறகு 1972-இல் மொன்ட்ரியாலில் கூடிய உலக நிலவியல் மாநாட்டில் குளோங்கின் 20-ஆம் படுகை முடிவானது. அதற்குள் மோனோகிராப்டஸ் யூனிஃபார்மிஸ் என்ற கிராப்டோலைட் முதன்முதலாகத் தென்படும் இடம்தான் சுமார் 42 கோடி ஆண்டுக்கு முந்தைய எல்லை. ஒரு தலையணைத் தடிமன்கூட இல்லாத சுண்ணாம்புப் படுகை அது.

ஏன் கடல் உயிர்? டைனோசரை வைத்து எல்லை போட்டால் பிள்ளைகளுக்காவது பிடிக்குமே என்று தோன்றும். நிலத்தில் சிக்கல் என்னவென்றால், மழையும் ஆறும் கிடைத்ததையெல்லாம் கழுவிக்கொண்டே இருக்கும்; பதிவு நிற்காது. கடலடியில், அதுவும் அலை எட்டாத ஆழத்தில், வண்டல் மெல்ல மெல்ல, விடாமல் படியும். உயிரும் எல்லாம் உதவாது. ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு வாழும் பவளத்தை வைத்து இரண்டு கண்டங்களை ஒப்பிட முடியாது. நீரோட்டத்தில் மிதந்தோ நீந்தியோ கடல் கடலாகப் பரவியிருக்க வேண்டும். எண்ணிக்கை ஏராளமாக இருக்க வேண்டும். முக்கியமாக, ஒரு இனம் சீக்கிரம் தோன்றிச் சீக்கிரம் மறைய வேண்டும். பல கோடி ஆண்டுகள் மாறாமல் இருந்த உயிர் கடிகாரத்துக்கு ஆகாது. மணி முள் இருக்கும், நிமிட முள் இருக்காது. அம்மோனைட், கிராப்டோலைட், பிறகு கோனோடோன்ட் என்ற மணலளவுப் பல்: இந்த மூன்றும் இந்தச் சோதனையில் தேறியவை.

மூன்றில் எனக்குப் பிடித்தது கோனோடோன்ட். ஒரு தடவை கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் அதை எடுக்கும் வேலையைப் பார்த்தேன். பிளாஸ்டிக் வாளிகள் வரிசையாக. உள்ளே கோழி முட்டை அளவுக்கு உடைத்த சுண்ணாம்புக்கல், மேலே நீர்த்த அசிட்டிக் அமிலம், பத்து விழுக்காடு வாக்கில். அறை முழுக்க ஊறுகாய்க் கடை வாசம். சுண்ணாம்பு நுரைத்துக் கரையும். கோனோடோன்ட் நம் பல்லைப் போலப் பாஸ்பேட்டால் ஆனது, அதனால் கரையாது. பல நாள் கழித்து வடிகட்டி, எஞ்சிய மண்ணை உலர்த்தி, கனமான திரவத்தில் போட்டுக் கனத்ததை மட்டும் அடியில் தங்கவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. ஓர் ஆய்வு மாணவி நுண்ணோக்கியில் குனிந்து, ஓரிரு மயிரே உள்ள தூரிகையை எச்சிலில் நனைத்து, மணல் மணியாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் குனிந்ததும், "அங்கிள், மூச்ச கொஞ்சம் அடக்குங்க, பறந்துடும்" என்றாள். கண்ணாடி வழியே பார்த்தேன்: தேன் நிறத்தில், சீப்பு மாதிரி பற்கள் வைத்த ஒரு துணுக்கு. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. மூன்று வாளிக் கல்லுக்கு அன்று அவளுக்குக் கிடைத்தது ஏழு.

அந்த நிறமும் ஒரு தகவல். கல் பூமிக்குள் சூடாகச் சூடாக, வாணலியில் வெங்காயம் நிறம் மாறுவது போல, கோனோடோன்ட் இளமஞ்சளிலிருந்து பழுப்பாகிக் கறுப்பாகும். அந்தப் பாறை எவ்வளவு சூட்டைக் கண்டது, அதில் எண்ணெய் விளைந்திருக்குமா, வெந்து வீணாகிப் போயிருக்குமா என்பதை அதை வைத்தே ஊகிப்பார்கள். இதில் வேடிக்கை, இந்தப் பற்களை 1856-இலேயே கிறிஸ்டியன் பாண்டர் விவரித்துவிட்டார். எந்த உயிருடையவை என்று ஒரு நூற்றாண்டுக்கு மேல் யாருக்கும் தெரியாது. ஸ்காட்லாந்தில் எடின்பரோவை ஒட்டிய கிரான்டனில் எடுத்த ஒரு கல்லில் விலாங்குக் குஞ்சு போன்ற உடலோடு பற்களும் சேர்ந்து கிடப்பதை 1983-இல்தான் வெளியிட்டார்கள். அதுவரை, முகம் தெரியாத ஒரு பிராணியின் பல்லை நம்பியே பாறைகளுக்கு நேரம் பார்த்துவந்தார்கள்.

இதைப் படிக்கும் கோலாலம்பூர்க்காரர்களுக்கு இயல்பாக வரும் கேள்வி: நம் பத்துமலையும் சுண்ணாம்புதானே, அதில் என்ன கிடைக்கும்? தைப்பூசத்துக்கு 272 படி ஏறி மூச்சு வாங்கக் கை வைக்கும் அந்தப் பாறைச் சுவர் சிலூரியக் காலத்துக் கடலடி. 40 கோடி ஆண்டுக்கும் முந்தையது. கோலாலம்பூர் நகரத்தின் அடியிலும் அதே சுண்ணாம்பு குகையும் குழியுமாக ஓடுகிறது. இரட்டைக் கோபுரத்தை முதலில் திட்டமிட்ட இடத்திலிருந்து சுமார் 60 மீட்டர் தள்ளிக் கட்ட வேண்டியதானதும் அந்தக் குழிகளால்தான். ஆனால் ஆணி அடிக்க இந்தப் பாறை ஆகாது. பிற்காலத்தில் பக்கத்தில் கருங்கல் பாறைக்குழம்பு புகுந்து இதை வேகவைத்துவிட்டது. சுண்ணாம்பின் துகள்கள் புதிதாகப் படிகமாகி, பெரும்பகுதி பளிங்காகிவிட்டது. சிப்பியும் பவளமும் அதோடு போயின. அதிகம் வேகாமல் தப்பிய சில இடங்களில் கிடைத்த புதைபடிவங்களை வைத்துத்தான் மொத்த மலைக்கும் வயது சொல்கிறோம். பினாங்கு இன்னும் மோசம். தீவு முழுக்கக் கருங்கல்; உருகி இறுகிய கல்லில் புதைபடிவத்துக்கு வழியே இல்லை.

நம் நாட்டில் எல்லைக் கதையைப் பாறையில் பார்க்க ஆசைப்படுபவர்கள் லங்காவிக்குத்தான் போக வேண்டும். 2007-இல் யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்ற புவிப்பூங்கா அது. அதன் வடகிழக்கே லங்குன் என்று ஒரு சின்னத் தீவு. செத்தூல் சுண்ணாம்புக்கு நடுவே கறுத்த களிப்பாறைப் பட்டை ஒன்று அங்கே வெளியே தெரிகிறது. அதற்குள் கிராப்டோலைட்களும், நண்டு, பூச்சிகளுக்குத் தூரத்து உறவான டால்மனிடினா என்ற ட்ரைலோபைட்டும் இருக்கின்றன. ஆர்டோவிசியக் காலம் கடும் குளிரில் முடிந்து சிலூரியம் தொடங்கும் தறுவாயைச் சேர்ந்தவை இவை. இந்த எல்லைக்கு ஆணி இருப்பது ஸ்காட்லாந்தின் டாப்ஸ் லின் ஓடைச் சரிவில். அகிடோகிராப்டஸ் அசென்சஸ் என்ற கிராப்டோலைட் முதன்முதலாகத் தோன்றும் இடம். அந்தச் சரிவைப் படுகை படுகையாக அளந்து கிராப்டோலைட்களின் வரிசையை 1878-இல் வெளியிட்ட சார்லஸ் லாப்வொர்த் அப்போது ஒரு பள்ளி ஆசிரியர். அடுத்த ஆண்டு 'ஆர்டோவிசியம்' என்ற பெயரையும் அவரே முன்வைத்தார். கேம்பிரியத்துக்கும் சிலூரியத்துக்கும் நடுவே இருந்த பாறைகளை இரண்டு பெரிய நிலவியலாளர்கள் ஆளுக்கு ஆள் தன்னுடையது என்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் வேண்டாம் என்று தனிப் பெயர் வைத்துவிட்டார். லங்குனில் நிற்பவர் ஸ்காட்லாந்து போகத் தேவையில்லை. அங்கே எந்த வரிசையில் எந்த இனம் வருகிறது என்று தெரிந்தால் போதும்; இங்கே உடைத்த களிப்பாறையில் ரம்பப் பல் வைத்த பென்சில் கோடு போலப் படிந்திருக்கும் கிராப்டோலைட்டைப் பார்த்து, ஆணிக்கு மேலேயா கீழேயா என்று சொல்லிவிடலாம்.

ஆணி அடித்த இடங்களிலேயே பெயர்பெற்றது சீனாவின் செஜியாங் மாநிலத்து மெய்ஷான். பெர்மியம் முடிந்து திரியாசியம் தொடங்கும் எல்லை. உலகம் கண்டதிலேயே பெரிய அழிவு நடந்த காலம். கடல் இனங்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் காணாமல்போனது. இந்த ஆணிக்குக் காஷ்மீரின் குர்யுல் பள்ளமும் போட்டியில் இருந்தது. 2001-இல் மெய்ஷானுக்கே முடிவானது. கைவிட்ட ஒரு கல்குவாரியின் சுவரில் 27-ஆம் படுகையை நான்கு நான்கு சென்டிமீட்டராகப் பிரித்திருக்கிறார்கள். அதில் மூன்றாவது துண்டின் அடியில், ஹிண்டியோடஸ் பார்வஸ் என்ற கோனோடோன்ட் முதலில் தோன்றும் இடம்தான் எல்லை. வயது 25.19 கோடி ஆண்டு. மேலும் கீழும் எரிமலைச் சாம்பல் படுகைகள் இருப்பதால் அதிலுள்ள ஸிர்கான் படிகங்களின் கதிரியக்கத்தை வைத்து இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிகிறது.

பெரும் அழிவுதான் எல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அழிவு 25-ஆம் படுகையில், ஆணிக்கு ஏறக்குறைய ஒரு சாண் கீழே. காலக்கணக்கில் சில பத்தாயிரம் ஆண்டு முன்பு. அதாவது மாபெரும் சாவின் பெரும்பகுதி பெர்மியத்திலேயே நடந்து முடிந்துவிட்டது. திரியாசியம் பிறந்தது வெறிச்சோடிய கடலில், ஒரு துக்கடாப் பல்லோடு. இது அநியாயம் மாதிரி படும். எனக்கு அது நியாயமாகவே தோன்றுகிறது. அழிவு உலகெங்கும் ஒரே நாளில் முடியவில்லை. ஓர் இனத்தின் கடைசி உயிரின் எலும்பு நம் கையில் கிடைக்கும் வாய்ப்பும் மிக மிகக் குறைவு. அரிய இனங்கள் அழிவுக்கு வெகு முன்பே பாறையில் காணாமல்போன மாதிரி தெரியும். திடீர் சாவுகூட மெல்ல மெல்ல நடந்ததாகக் கணக்குக் காட்டும். பிலிப் சைனரும் ஜெரி லிப்ஸும் 1982-இல் இதை எடுத்துச் சொன்னதிலிருந்து இந்த மயக்கத்துக்கு அவர்கள் இருவர் பெயர்தான். அதனால் ஆணி அடிப்பவர்கள் மறைவை விட்டுவிட்டுத் தோற்றத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

எண்ணெய்க் கிணற்றுக்காரர்கள் நேர் எதிர். சரவாக், திரங்கானு கடல்களில் துளை போடும்போது மேலே வருவது பாறைத் துகள்தான். துளை கீழே போகப்போக மேல் அடுக்குகளின் சுவர் உதிர்ந்து அடித்துகளோடு கலந்துவிடும். ஓர் இனம் எவ்வளவு ஆழம்வரை கிடைக்கிறது என்பதை அதனால் நம்ப முடியாது. மேலிருந்து இறங்கும்போது அது முதலில் எங்கே தலைகாட்டுகிறது என்பதை நம்பலாம். வரலாற்றில் அது அந்த இனம் மறைந்த இடம். ஆகவே அவர்கள் கடிகாரம் முழுக்க மறைவுகளால் ஆனது. ஒரே உயிர், ஒரே பாறை. கல்லைக் கையில் எடுத்த முறையால் கணக்கே தலைகீழாகிறது.

மெய்ஷானின் சாயல் நம்மூரிலும் உண்டு. பகாங்கின் குவா சேய், கம்போங் குவா சுண்ணாம்புகளில் பெர்மியம், திரியாசியம் இரண்டின் எல்லைக்காலக் கோனோடோன்ட்களும் கலந்தே கிடைத்திருப்பதாக இயன் மெட்காஃப் 1995-இல் எழுதினார். 'கலந்தே' என்பதைக் கவனிக்க வேண்டும். பழைய பல் புதிய வண்டலில் மறுபடி போய்ச் சேர்வது இந்தத் தொழிலின் தலைவலி.

அந்தத் தலைவலி ஆணிகளையும் விடவில்லை. பிரான்சின் லா ஸெர் என்ற இடத்தில் டெவோனியம், கார்பனிஃபெரஸ் இரண்டுக்கும் இடையில் ஆணி அடித்தார்கள். சைஃபனோடெல்லா சல்கேட்டா என்ற கோனோடோன்ட்டின் முதல் தோற்றம் என்று குறித்தது. பிறகு அதே கோனோடோன்ட்டை ஆணிக்குக் கீழேயே கண்டுபிடித்தார்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஃபார்ச்சூன் ஹெட் பாறையில் கேம்பிரியம் தொடங்குகிறது. 1992-இல் முடிவான அந்த எல்லைக்கு அடையாளம் ட்ரெப்டிக்னஸ் பீடம். உயிர்கூட இல்லை, ஏதோ ஒரு புழு கடல்மண்ணைத் துளைத்துப்போன தடம். அந்தத் தடமும் பின்னால் நான்கு மீட்டருக்கும் கீழே கிடைத்தது.

இப்போது என்ன செய்வது? இங்கேதான் தாத்தாவின் எல்லைக்கல் மறுபடி வருகிறது. டுரியான் மரம் பட்டுப்போனாலும், அதே மாதிரி இன்னொரு மரம் பத்தடி தள்ளி முளைத்தாலும் கல் நகராது. ஆணி அடித்தபின் எல்லை என்பது அந்தப் பாறையிலுள்ள அந்தப் புள்ளி, கோனோடோன்ட் அல்ல. கோனோடோன்ட் மற்ற நாடுகளில் அந்தப் புள்ளியைத் தேடிப் பிடிக்க உதவும் அடையாளம், அவ்வளவே. அடையாளம் கைவிட்டால் கார்பன் ஐசோடோப்புகளின் ஏற்ற இறக்கம், காந்தத் திசை மாற்றம், சாம்பல் படுகை என்று வேறு அடையாளங்களைத் தேடுவார்கள். ஒரு முறை அடித்த ஆணியைப் பத்து ஆண்டுக்கு யாரும் தொடக்கூடாது என்று விதியே உண்டு. அதற்குப் பிறகு மாற்ற வேண்டுமானாலும் பணிக்குழு, துணை ஆணையம், தலைமை ஆணையம் என்று ஒவ்வொரு படியிலும் 60 விழுக்காடு வாக்கு வேண்டும். எண்ணிப் பார்த்தால் இயற்பியலில் இப்படி வாக்கெடுப்பு கிடையாது. நிலவியலில் இருப்பதைச் சிலர் கேலி செய்கிறார்கள். எனக்கு அதில் வெட்கப்பட ஒன்றும் தெரியவில்லை. பாறை எங்கேயும் கோடு கிழித்து வைக்கவில்லை, கோடு நம் வசதிக்கு நாம் கிழிப்பது. 2024-இல் 'மனித யுகம்' என்று புதிதாக ஒரு காலத்தைச் சேர்க்கும் முன்மொழிவு வாக்கெடுப்பில் தோற்றதும் இந்தப் படிகளில்தான்.

எல்லா ஆணியும் கடலில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடைசிக் கட்டமான மேகாலயன், 2018-இல் ஒப்புக்கொண்டது, மேகாலயாவின் மாம்லூ குகையில் சொட்டுநீரால் வளர்ந்த ஒரு சுண்ணாம்புத் தூணில் இருக்கிறது. சுமார் 4,200 ஆண்டுக்கு முந்தைய வறட்சி அதன் வேதியியலில் பதிவாகியிருக்கிறது. பத்துமலையில் அண்ணாந்து பார்த்தால் தெரியும் தொங்கல்களும் அதே வகைதான்.

சரி, சாளக்கிராமத்துக்கு வருவோம். அது வரும் கறுப்புக் களிப்பாறை இமாசலப் பிரதேசத்து ஸ்பித்திப் பள்ளத்தாக்கிலும் கிடைப்பதால் ஸ்பித்திக் களிப்பாறை என்றே அதற்குப் பெயர். அந்தப் பள்ளத்தாக்கின் பாறைகளை 1860-களில் ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஃபெர்டினான்ட் ஸ்டோலிச்கா, இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் வேலை பார்த்த மொராவியாக்காரர். அரியலூர், ஊட்டத்தூர் பக்கத்துக் கடல் புதைபடிவங்களை, அதாவது தமிழ்நாட்டின் கிரிட்டேசியக் கடலை, தொகுதி தொகுதியாக விவரித்தவரும் அவரே. பினாங்குக்கும் வந்திருக்கிறார். கருங்கல் தீவில் புதைபடிவம் ஏது? நில நத்தைகளைப் பொறுக்கி அவற்றைப் பற்றி எழுதினார். 1874-இல் லடாக்கில் இறந்தபோது வயது 36. சாளக்கிராமம், அரியலூர், பினாங்கு மூன்றையும் ஒரே ஆளின் வாழ்க்கையில் கோத்தது யார் செய்த வேலை என்று தெரியவில்லை. எனக்கு அதில் ஒரு தனி சந்தோஷம்.

ஸ்பித்திக் களிப்பாறை ஜுராசிக்கின் பின்பகுதியில் தொடங்கி அதைத் தாண்டிக் கிரிட்டேசியத்துக்குள்ளும் போகிறது. கேம்பிரியத்துக்குப் பிறகு வந்த பெரிய காலங்கள் ஒவ்வொன்றும் தன் ஆணியைப் பெற்றுக்கொண்டே வர, கடைசியாக ஆணியில்லாமல் நின்றது இந்த ஜுராசிக்–கிரிட்டேசிய எல்லைதான். காரணம் அம்மோனைட்டே. அந்தக் காலத்தில் கடல்மட்டம் தாழ்ந்து, வடக்குக் கடல்கள் தெற்கிலிருந்து பிரிந்து கிடந்தன. வடக்கே ஒரு கூட்டம் அம்மோனைட் வளர்ந்தது, இமயமும் மத்தியதரைக் கடலும் இருந்த தெற்கு வெப்பக்கடலில் வேறொரு கூட்டம். பொதுவான இனமே கிடைக்காதபோது ஆணியை எங்கே அடித்தாலும் மறுபாதி உலகத்துக்கு அது பயன்படாது. பெரிய அழிவு எதுவும் நடக்காததால் பளிச்சென்ற வேறு தடயமும் கிடையாது. கடைசியில் கால்பியோனெல்லா ஆல்பினா என்ற, கண்ணுக்குத் தெரியாத கிண்ண வடிவ உயிரை அடையாளமாக எடுத்துக்கொண்டு பிரான்சின் ட்ரே மரூவா என்ற இடத்தை ஒரு பணிக்குழு முன்மொழிந்தது. மேல்குழு ஏற்கவில்லை. அந்தக் கிண்ணமும் வெப்பக்கடலைத் தாண்டாத உயிர் என்பது நெருடலாகவே இருந்தது.

போன தீபாவளிக்குச் செந்தூல் போனபோது இதையெல்லாம் பெரியம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். முறுக்கு பிழிந்துகொண்டே கேட்டார். கடைசியில், "அப்ப நம்ம பெருமாள் அந்த எல்லைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்றார். சரியான கேள்வி, பதில்தான் என்னிடம் இல்லை. ஆற்றில் உருண்டு வந்த கல்லுக்கு எந்தப் படுகையிலிருந்து பெயர்ந்தது என்ற கணக்கு அறுந்துபோய்விடும். எஞ்சியிருக்கும் ஒரே வழி, அது எந்த அம்மோனைட் இனம் என்று பார்ப்பது. அதற்கு ஓட்டின் வரிகள் முழுதாகத் தெரிய வேண்டும். வாய் வழியே தெரிவது கால் சுற்றுதான்.

"உடைச்சுப் பாத்தாத்தான் தெரியும் பெரியம்மா" என்றேன்.

மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து போய், தட்டை உள்ளே தள்ளி மாடக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.